மணி அடிக்காத வீடு

1

"வருசம் திரும்பப் போவுது மைனி. சாமி கேட்டு விட்டுருக்காவ. நான் என்ன சொல்லட்டும்?"

செல்வி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்செய்தி இது. நான் ட்ராமில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் ட்ராமில் உட்கார்ந்து குரல்செய்தியைச் சத்தமாகக் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் முறைப்பார். முறைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாதது அவருடைய அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு முறை கேட்டேன்.

செல்வி என் தம்பி ஜெரால்டின் மனைவி, ஒரு பிள்ளைக்குத் தாய். ஜெரால்டு போன வருடம் எங்கள் ஊரான புன்னைக்காயலிலிருந்து சின்ன வள்ளத்தில் நண்டு வலை எடுக்கத் தனியாகப் போனான். மறுநாள் வேறு வள்ளக்காரர்கள் அவன் வள்ளத்தைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இன்ஜின் தண்ணீரை விட்டு மேலே தூக்கி வைக்கப்பட்டிருந்தது. வலை பாதி உள்ளேயும் பாதி தண்ணீரிலும் கிடந்தது. அவன் கொண்டுபோன சோற்றுத் தூக்கு மூடி திறக்காமல் இருந்தது. அவன் மட்டும் இல்லை.

பங்குச்சாமியார் கேட்டு விட்டிருப்பது ஒன்றே ஒன்று. வருட நினைவுப் பூசை வைக்கும்போது ஜெரால்டுக்கு மணி அடிக்கலாமா, வேண்டாமா?

கடற்கரையைச் சேராதவர்களுக்கு இது விளங்காது, சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் சாவு விழுந்தால் கோயிலில் பெரிய மணியை அடிப்பார்கள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நீண்ட இடைவெளி இருக்கும். சத்தம் கேட்டதும் பெண்கள் அடுப்பை விட்டு வாசலுக்கு வருவார்கள். "எந்த வீட்டுக்கு?" என்பதுதான் முதல் கேள்வி, யார் என்பது பிறகுதான். அன்றைக்கு ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது. அடக்கம் முடியும்வரை எல்லாம் கரையேறிக் கிடக்கும்.

கடலில் தொலைந்தவருக்கு வழக்கம் வேறு. உடல் கிடைக்கும்வரை மணி கிடையாது. மணி அடிக்காதவரை தேடுவதும் நிற்காது. எந்த வள்ளம் புறப்பட்டாலும் அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்தலையில், ஒருவர் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, யாரும் தவறுவதும் இல்லை. வீட்டார் சம்மதித்து மணி அடித்துவிட்டால் அந்தக் கடமை முடிந்தது. அப்புறம் அவர்கள் தங்கள் வலையைப் பார்க்கலாம்.

செல்வி மணி வேண்டும் என்கிறாள். அம்மா கூடாது என்கிறாள். வீடு ஒரே வார்த்தையாகச் சொன்னால்தான் அடிக்கச் சொல்வேன் என்று சாமியார் ஒதுங்கிக்கொண்டார். கடைசியில் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள், அது என் தலையில் வந்து விழுந்தது.

"படிச்சவ சொல்லட்டும். எங்கயோ சாவுற நட்சத்திரத்தயே இன்னதுன்னு சொல்லுதா. கூடப்பொறந்தவன் சங்கதிய அவளே சொல்லட்டும்."

இது நம்பிக்கையா குத்தலா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு இரண்டும் ஒரே குரலில்தான் வரும்.

2

என் வேலையைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. நான் ராக்கெட் விடுகிறேன் என்பது ஒன்று. ஜாதகம் பார்க்கிறேன், அதைக் கோயிலுக்குத் தெரியாமல் மறைக்கிறேன் என்பது இன்னொன்று. ஜெரால்டுக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று இருந்தது.

"யக்கா, செத்ததுக்குச் சர்ட்டிபிகேட் குடுக்க வேலையாக்கும் ஒனக்கு. நம்ம வி.ஏ.ஓ. ஆபீஸ்ல பாக்க மாட்டாவளா இத?"

கிட்டத்தட்ட அவன் சொன்னதுதான் சரி. நட்சத்திரம் வெடித்துச் சாவதை சூப்பர்நோவா என்கிறோம். சில வாரங்களுக்கு அந்த ஒற்றை வெடிப்பு, தான் இருக்கும் விண்மீன் மண்டலம் முழுவதற்கும் ஈடாக ஒளிவிடும். பிறகு மெல்ல மங்கும். செத்தது எந்த மாதிரி நட்சத்திரம் என்று கண்டுபிடிப்பது எங்கள் குழுவின் வேலை. ராத்திரி முழுக்க தொலைநோக்கியில் கண்ணை வைத்திருப்பேன் என்று நினைக்கவேண்டாம். பகலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரே இடத்தின் பழைய படத்தைப் புதிய படத்திலிருந்து கழித்துப் பார்ப்பேன். முன்னால் இல்லாதது இப்போது இருக்கிறதா, முன்னால் இருந்தது இப்போது இல்லையா, இவ்வளவுதான் விஷயம். இதற்கு இத்தனை படிப்பா என்று அம்மா கேட்டதில் தப்பில்லை.

இந்தச் சாவில் இரண்டு வகை உண்டு. பெருத்த நட்சத்திரம் வேகமாக எரிந்து தீர்ந்து, தன் கனத்தைத் தானே தாங்கமுடியாமல் உள்ளே இடிந்து விழுந்து வெடிக்கும். அதற்கு ஆயுசு குறைவு. பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகர்வதற்குள் போய்விடும். இன்னொன்று வெண்குறுமீன். எரிந்து முடிந்து, சுருங்கி, அடுப்பில் மிஞ்சிய கங்குபோலக் கிடக்கிற கிழட்டு நட்சத்திரம். பக்கத்தில் இருக்கும் துணையிடமிருந்து பொருள் வந்து சேர்ந்தோ, இரண்டு கங்குகள் ஒன்றோடொன்று சேர்ந்தோ, மிச்சமில்லாமல் வெடித்துச் சிதறும்.

மண்டலங்களிலும் முக்கியமாக இரண்டு தினுசு. சுருள் மண்டலத்தில் இன்னும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. அங்கே இரண்டு வகைச் சாவும் விழும். நீள்வட்ட மண்டலத்தில் பிறப்பு எப்போதோ நின்றுவிட்டது, இருப்பதெல்லாம் வயசானவை. அங்கே ஏறக்குறைய எப்போதுமே கங்குகள்தான் வெடிக்கும். ஆகவே புது வெடிப்பு ஒன்று கண்ணில் பட்டதும் நாங்களும் முதலில் கேட்பது அதே கேள்விதான், "எந்த வீட்டுக்கு?" வீடு தெரிந்தால் ஆளைப் பாதி ஊகித்துவிடலாம்.

இதை ஒரு விடுமுறையில் ஜெரால்டிடம் சொன்னபோது அவன் கிழிந்த வலையைக் கால்விரலில் மாட்டி இழுத்து முடிந்துகொண்டிருந்தான்.

"அப்ப கெழடு இருக்க வீட்டுல எளசு சாவாதாக்கும்?"

"அபூர்வம்லே."

"சாவும்க்கா. பாத்துக்கிட்டே இரு."

விளையாட்டாகத்தான் சொன்னான். அப்போது எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மட்டும்தான் சர்க்கரையும் பிரஷரும். அம்மாவை நினைத்துத்தான் நான் பாஸ்போர்ட்டை எப்போதும் கைப்பையிலேயே வைத்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் ஐம்பதை நெருங்கியவர்கள் எல்லாரும் இப்படித்தான். ஊரிலிருந்து நேரம் கெட்ட நேரத்தில் போன் வந்தால், எடுப்பதற்கு முன்பே மனசுக்குள் ஒரு பெயர் வந்து நிற்கும். எனக்கு வந்து நின்ற பெயர் தப்பாக இருந்தது.

3

போன வருடம் செய்தி வந்ததும் அலுவலகத்தில் விடுப்புக் கவனிக்கும் பெண்ணிடம் போனேன். நல்லவள்தான். முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு, "உங்கள் சகோதரர் எப்போது இறந்தார்?" என்று கேட்டாள்.

"இறந்தார் என்று சொல்லமுடியாது. காணவில்லை."

"அப்படியானால் உயிரோடு இருக்கிறாரா?"

"அப்படியும் சொல்லமுடியாது."

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள். சாவுக்கு விடுப்பு உண்டு, கடுமையான நோய்க்கு உண்டு, வீடு மாற்றக்கூட ஒரு நாள் உண்டு. கடலுக்குப் போய் வராதவனுக்கு இல்லை. என் வருட விடுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவள்மேல் எரிச்சலாக வந்தது. ஆனால் தூத்துக்குடியில் வந்து இறங்கிய பிறகு, நம் அலுவலகங்களிலும் அதே திரையைத்தான் பார்த்தேன். உடல் இல்லாமல் சாவு இல்லை, ஏழு வருடம் போகட்டும் என்று ஒருவர் சொன்னார். மீன்வளத் துறையில் கேளுங்கள் என்று இன்னொருவர் சொன்னார். அங்கே போனால் போலீஸில் எழுதிக் கொடுத்ததைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். செல்வி எல்லா இடத்துக்கும் வந்தாள். எந்த இடத்திலும் உட்காரவில்லை.

அம்மாவுக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. காற்று வடக்கே இழுத்திருக்கும், எல்லை தாண்டியிருப்பான், இலங்கைக்காரன் ஆளைப் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டு வள்ளத்தை விட்டிருப்பான். நம் கரையில் அப்படி நடக்காத வருடம் உண்டா? நானும் எழுதாத தூதரகம் இல்லை. ஆங்கிலத்தில் எழுதினேன், ஜெர்மனியில் ஒரு வக்கீலைப் பிடித்து ஜெர்மனிலும் எழுதினேன். அப்படி ஒருவர் எந்தச் சிறையிலும் இல்லை, எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை என்று பதில் வந்தது. படித்துக் காட்டியபோது அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இல்லன்னு சொல்லுதவன் எல்லாம் தேடிப் பாத்துட்டா சொல்லுதான்?"

என் தம்பி இல்லை என்று நான் நம்புகிறேன். அவன் வள்ளத்தைப் பார்த்தேன், தூக்குச் சட்டியைப் பார்த்தேன். தண்ணீருக்குள் சிக்கிய வலையை விடுவிக்கக் குனிந்திருப்பான், அல்லது நெஞ்சில் ஏதோ செய்திருக்கும். நீந்தத் தெரியாதவன் இல்லை. வாலிபத்தில் சங்கு குளித்தவன், அவன் மூச்சுக்கு நான் எத்தனையோ தடவை கரையில் நின்று பயந்திருக்கிறேன். அவன் இல்லை என்று நம்பத்தான் நம்புகிறேன். ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் ஏதோ நானே அவனைத் தள்ளிவிட்டதுபோல இருக்கிறது.

நான் திரும்பி வரும் அன்று கரையில் நின்றேன். வள்ளங்கள் ஆற்றுமுகத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் அணியத்திலும் ஒரு ஆள். ஒருவர்கூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு போனார்கள்.

4

என் மகள் ரீனாவுக்குப் பதினைந்து வயது. அவளிடம் இந்த மணி விஷயத்தைச் சொல்லவேண்டியிருந்தது. வீட்டில் நான் எந்நேரமும் செல்வியோடும் அம்மாவோடும் பேசிக்கொண்டிருந்தால், அவளும் ஏதாவது கேட்பாள் இல்லையா.

"மாமா செத்துப்போச்சா?" என்றாள்.

"மாமாவை அப்படிச் சொல்லக்கூடாது. மாமா என்ன, சைக்கிளா?"

"சரி. மாமா செத்துப்போச்சாரா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. திட்டிவிட்டேன். அவள் ஜெர்மனில் எதையோ முணுமுணுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை, சாத்தாமல் விடுவது இந்த வயதில் அவள் எனக்குச் செய்யும் மரியாதை.

அவளுக்கு ஜெரால்டைப் பற்றி என்ன தெரியும்? மூன்று விடுமுறைகளில் பார்த்திருக்கிறாள். வள்ளத்தில் ஏற்றிப்போனான், அவள் வாந்தி எடுத்தாள். நண்டு உடைத்துக் கொடுத்தான், அவள் தின்றாள். அவன் பேசியதில் பாதி அவளுக்குப் புரியவில்லை, அவள் பேசியதில் அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆனாலும் இரண்டுபேரும் மணிக்கணக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று அப்போது நான் கேட்கவில்லை.

அவள் பள்ளிக்கூடத்தில் "முத்துக் கரை" என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள். என் வேலையிடத்திலும் அப்படித்தான். "ஓ, முத்துக் குளிக்கும் ஊரா" என்று கண்ணை விரிப்பார்கள். என் காலத்தில் யாரும் முத்துக் குளித்து நான் பார்த்ததில்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது? நான் பார்த்ததெல்லாம் உப்பளம், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, துறைமுகத்துக்கு வெளியே முறைக்குக் காத்துக்கிடக்கும் கப்பல்கள். அந்தக் கப்பல் எதிலாவது ஜெரால்டை ஏற்றிக்கொண்டு போயிருப்பார்களோ என்று அம்மா ஒருமுறை கேட்டாள். கேட்ட அவளே, "ஏத்துனா எறக்கி விட்டுருப்பாம்லா" என்றும் சொல்லிக்கொண்டாள்.

5

அந்த வாரம்தான் எங்கள் குழு பல வருடமாகக் காத்திருந்த படம் வந்தது.

ஒரு சுருள் மண்டலத்தில் வெடித்த சூப்பர்நோவா அது. எங்கள் அதிர்ஷ்டம், வெடிப்பதற்கு முன்பே யாரோ வேறு காரணத்துக்காக அந்த மண்டலத்தை விண்வெளித் தொலைநோக்கியில் படம் எடுத்து வைத்திருந்தார்கள். பழைய படத்தில் அதே இடத்தில் சிவந்து பெருத்த ஒரு நட்சத்திரம் இருந்தது. செத்தது இதுதான் என்று எழுதினோம். ஆனால் அது போதாது. வெடிப்பின் ஒளி கண்ணைக் கூசும்வரை, அந்த நட்சத்திரம் அதற்குள் இருக்கிறதா இல்லையா என்று சொல்லமுடியாது. ஒளி அடங்கவேண்டும். அடங்கியபின் அதே தொலைநோக்கியால் அதே இடத்தைத் திரும்பப் படம் எடுக்கவேண்டும். சுற்றியிருந்தவை எல்லாம் இருந்து, அது மட்டும் இல்லாவிட்டால்தான் செத்தது அது. ஒன்றிரண்டு முறை, செத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்ன நட்சத்திரம் அங்கேயே சாவகாசமாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது. வேறு எதுவோ வெடித்திருக்கிறது.

நீள்வட்ட மண்டலங்களில் இந்த வசதியே கிடையாது. அங்கே வெடிக்கும் வெண்குறுமீன் அத்தனை மங்கல். வெடிப்பதற்கு முன்னால் அதை யாரும் படத்தில் பிடித்ததில்லை. இருந்தபோதே பார்க்காததை, இல்லை என்று எப்படிப் பார்ப்பது? வீட்டை வைத்தும் ஒளியை வைத்தும் சொல்வதோடு சரி.

படத்தைக் கழித்துப் பார்த்தேன். நட்சத்திரம் இல்லை. தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், அந்த இடம் இருட்டாக இருந்தது.

எங்கள் குழுத் தலைவர் கைதட்டினார். இங்கே நல்ல செய்தி என்றால் கேக் வந்துவிடும். ஆப்பிள் கேக் ஒன்றை வெட்டி எனக்கு முதல் துண்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். வாயில் வைத்தேன். கழிப்பறைக்குப் போய்த் துப்பிவிட்டு, அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தேன். மணி அடிக்கட்டும். இல்லை என்பதை இல்லை என்று சொல்லத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

6

அம்மா போனை எடுத்ததும் நேராகச் சொல்லமுடியவில்லை. வேலையில் ஒரு நல்ல செய்தி என்று ஆரம்பித்தேன். அம்மா என் வேலையைப் பற்றிக் கேட்பாள், எப்போதும் முழுசாகக் கேட்பாள். பழைய படம், புதிய படம், நடுவில் இருந்த வெளிச்சம் எல்லாம் சொன்னேன்.

"இல்லன்னு எப்படிளா தெரிஞ்சிக்கிட்டிய?"

"சுத்தி இருந்ததெல்லாம் அப்படியே இருக்கும்மா. அது மட்டும் இல்ல."

"அங்கன வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்லம்மா. இருட்டாத்தான் இருக்கு."

போனில் கோழி ஒன்று கத்துவது கேட்டது. நான் அந்த இடத்தில் ஜெரால்டின் பெயரைச் சொல்லியிருக்கவேண்டும். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"செத்துட்டுன்னு நீங்க சொன்னது எதாவது அப்புறமா இருந்திருக்கா?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். வரவில்லை.

"இருந்திருக்கும்மா. ஒண்ணு ரெண்டு."

"இத எத்தன வருசம் பாத்துக்கிட்டு இருந்திய?"

"ஏழெட்டு வருசம் இருக்கும்."

"ஆரு பெத்ததோ என்னமோ, ஒரு நட்சத்திரத்துக்கு நீங்க ஏழெட்டு வருசம் காத்துக்கிட்டு இருந்திருக்கிய," என்றாள் அம்மா. "எம்புள்ளைக்கு ஒரு வருசத்துல முடிச்சுக்கிடச் சொல்லுதியா?"

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எங்கள் இரண்டு பேருக்கும் அது பழக்கம். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

செல்விக்குப் போன் போட்டு, என்னால் முடியவில்லை, அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றேன். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. எத்தனை சுயநலம்.

"ஒங்களுக்கு வாய் வரல. சரி," என்றாள். "மாப்பிள்ளையூரணில எங்கப்பா வந்து இருன்னு கூப்புடுதாவ. நான் எப்படிப் போவேன்? நல்ல காரியத்துக்கு என்னைக் கூப்புடலாமா வேண்டாமான்னு ஊருக்குள்ள யோசிக்காவ. பூ வச்சா பாக்காவ, வைக்கலன்னாலும் பாக்காவ. அதெல்லாம்கூட விட்டுருவேன் மைனி."

"பின்ன?"

"தெனமும் வள்ளம் திரும்புத நேரத்துக்கு எங்க இருந்தாலும் என் கால் வாசலுக்குப் போயிருது. ஒவ்வொரு வள்ளமா பாக்கேன். இதுல இல்ல, அதுல இல்லன்னு. கடைசி வள்ளம் ஏறுன பொறவுதான் புள்ளைக்குச் சோறு போடுதேன். அத்தைக்குத் தேடணும். எனக்குத் தேடுறத நிறுத்தணும். ஒரு மணி அடிச்சா நின்னுருவேன்னு தோணுது. வேற ஒண்ணுக்கும் இல்ல."

இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே சட்டியில் பொங்கித் தின்றுகொண்டிருக்கிறார்கள். இதை இந்த ஒரு வருடத்தில் அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"அவியளும் எம்பக்கத்துலதான வாசல்ல நிக்காவ," என்றாள்.

சொல் என்றேன். நான் சொன்ன உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

7

இரண்டு நாள் கழித்து அம்மாவே கூப்பிட்டாள்.

"அடிக்கச் சொல்லிட்டேன்ளா."

"செல்வி சொன்னாளாம்மா?" என்றேன்.

"சொன்னா. ஆனா அன்னைக்கு வள்ளம் போவணும்னு சொல்லிருக்கேன். ஒண்ணு விடாம."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மணி அடிக்கிற அன்று வள்ளம் போவது எங்கள் கரையில் செத்தவரை அவமதிப்பது. சண்டைக்காரன் வீட்டுச் சாவுக்குக்கூட யாரும் அப்படிச் செய்ததில்லை. மணி அடிக்கும் கோயில்பிள்ளை முடியாது என்றிருக்கிறார். ஊர்க் கமிட்டியில், கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அம்மா மூட்டுவலியோடு கரைக்கு நடந்துபோய், வலை ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம் நேராகப் பேசியிருக்கிறாள்.

"என்னம்மா சொன்ன?"

"மணிய அவ கேக்கட்டும்ல. அவளுக்கு அது வேணும். வள்ளம் எனக்குப் போவட்டும்னு சொன்னேன். அந்த ஒரு நாளு எல்லாரும் நல்லாப் பாத்துட்டு வாங்கல, அதுக்கப்புறம் நான் கேக்கல்லன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவானுவ? ஒருத்தன் கண்ணத் தொடச்சான். சரி ஆத்தான்னான்."

பூசை நாளான செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டேன். காரணம் கேட்டார்கள். குடும்ப விஷயம் என்றேன். போன வருடம் திரையைப் பார்த்த அதே பெண்தான், இந்த முறை எதையும் பார்க்காமல் தலையாட்டினாள். ஊரில் சாயங்காலம் பூசை, எங்களுக்கு அது மதியம். சமையலறை மேசையில் போனை வைத்து ஒலியைக் கூட்டினேன். செல்வி தன் போனைக் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டு நின்றாள். படம் சரியாகத் தெரியவில்லை. அவள் முந்தானையும் கொஞ்சம் வானமும் தெரிந்தன.

பெரிய மணி ஒரு அடி அடித்தது. இடைவெளி விட்டு இன்னொன்று. செல்வி அழும் சத்தம் கேட்டது. இந்த ஒரு வருடத்தில் அவள் அழுது நான் கேட்டதில்லை. பிறகு அந்த இடைவெளிக்குள் வேறொரு சத்தம் வந்தது. இன்ஜின். ஒன்று பிடித்ததும் அடுத்தது, அதற்கும் அடுத்தது. மணிக்கும் மணிக்கும் நடுவில் ஆற்றுமுகம் முழுக்க இன்ஜின் சத்தம் நிறைந்துகொண்டே போனது. அதற்கு மேலாக அம்மாவின் குரல், யாரிடமோ கத்திச் சொல்வது கேட்டது.

"ஏலே, தெக்கயும் பாத்துக்கிட்டுப் போங்கல."

ரீனா பள்ளிவிட்டு வந்து எப்போது கதவருகில் நின்றாள் என்று கவனிக்கவில்லை. முதுகில் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சத்தம்மா அது?"

"மாமாவுக்கு மணி அடிக்கிறாங்க."

"அது இல்ல. பின்னால கேக்குதே."

"வள்ளம். மாமாவைத் தேடப் போறாங்க."

அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே நேரத்துலயா?" என்றாள்.

"ஆமா," என்றேன்.

இன்னும் ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். பையைக் கழற்றாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கடைசி இன்ஜின் சத்தம் தூரத்தில் தேய்ந்து போகும்வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.